எக்கோவில் தப்பிய இதயக் குறை: நீலகிரி வாசகர்களின் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

சென்ற இதழில், 'இதயத்தில் ஓட்டை' என்று பொதுவாகச் சொல்லப்படும் குறைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நீலகிரி மாவட்டத்திலிருந்து கணிசமான கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை ஓட்டையைப் பற்றியவை அல்ல. ஒரு மருத்துவர் 'ஒன்றுமில்லை' என்றும், மற்றொருவர் 'ஏதோ இருக்கிறது' என்றும் சொன்ன, எளிதில் பெயர் சொல்ல முடியாத குறைகளைப் பற்றியவை. ஆகவே இம்முறை மலையிலிருந்து வந்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறித்திருக்கிறேன். இக்கடிதங்களில் அடிக்கடி வரும் 'எக்கோ' என்பது, ஒலியலைகளைக் கொண்டு இதயத்தைப் படமாகக் காட்டும் சோதனை.

என் மகளுக்கு மூன்று மாதம் ஆகிறது. பால் குடிக்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் முகம் வெளிறி, நெற்றியெல்லாம் வியர்த்து, வீறிட்டு அழுகிறாள். குன்னூர்க் குளிரில் கைக்குழந்தைக்கு எப்படி வியர்க்கும் என்று என் மாமியார்தான் முதலில் சந்தேகப்பட்டார்கள். எக்ஸ்ரேயில் இதயம் பெரிதாக இருக்கிறது என்றார்கள். எக்கோ எடுத்த இடத்தில் இதயத் தசை பலவீனம் என்று எழுதி மருந்து கொடுத்தார்கள். இப்போது வேறொரு டாக்டர், கோயம்புத்தூருக்குப் போய் மறுபடியும் எக்கோவும், தேவைப்பட்டால் சிடி ஸ்கேனும் எடுக்கச் சொல்கிறார். ஒருமுறை எடுத்தது போதாதா டாக்டர்?
ஒரு தாய், குன்னூர்

போதாது. உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தனியாகவும் பதில் அனுப்பியிருக்கிறேன். இந்த இதழ் வெளிவருவதற்குள் நீங்கள் மலையிறங்கிப் போய் வந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே விரிவாக எழுதுவது, இதே நிலையில் இருக்கக்கூடிய வேறு பெற்றோருக்காக. உங்கள் மாமியாரின் கேள்வி, ஒரு நல்ல மருத்துவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதயத் தசை பலவீனமாகி, இடது கீழ் அறை வீங்கி நிற்கும் கைக்குழந்தைக்கு அந்தப் பலவீனம் தானாக வந்ததா, அல்லது தசைக்கு வரவேண்டிய இரத்தம் சரியாக வராததால் வந்ததா என்பதை முடிவு செய்யாமல் நோயின் பெயரை எழுதக் கூடாது. இதயத் தசைக்கு இரத்தம் கொடுக்கும் கரோனரி தமனிகள் இரண்டும் பெருந்தமனியின் அடியிலிருந்துதான் கிளம்ப வேண்டும். மிக அரிதாக, ஏறத்தாழ மூன்று லட்சம் பிறப்புகளில் ஒன்றில், இடது கரோனரி தமனி தவறிப்போய் நுரையீரல் தமனியிலிருந்து கிளம்பிவிடுகிறது. மருத்துவர்கள் இதை 'அல்காபா' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1933இல் பிளாண்ட், வைட், கார்லண்ட் என்னும் மூன்று அமெரிக்க மருத்துவர்கள், பால் குடிக்கும்போது வெளிறி வியர்த்துத் துடித்த ஒரு மூன்று மாதக் குழந்தையைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் தந்த அந்த வருணனைக்கும் உங்கள் கடிதத்துக்கும் அதிக வேறுபாடு இல்லை.

ஏன் பிறந்த உடனே தெரியாமல், சரியாக இரண்டு மூன்று மாதத்தில் தெரிகிறது? கருவிலும், பிறந்த முதல் சில நாட்களிலும் நுரையீரல் தமனியில் அழுத்தம் மிகுதியாக இருக்கும்; ஆகவே எங்கிருந்து கிளம்பினாலும் அந்தக் கரோனரிக்குள் இரத்தம் தள்ளப்பட்டுவிடும். வாரங்கள் செல்லச் செல்ல நுரையீரல் விரிந்து அந்த அழுத்தம் இறங்குகிறது. அப்போது இடது கரோனரிக்குள் இரத்தம் போவதற்குப் பதிலாக, வலது கரோனரியிலிருந்து குறுக்கு வழிகளில் வந்து சேரும் கொஞ்ச இரத்தமும் அதன் வழியே பின்னோக்கி ஓடி, அழுத்தம் குறைந்த நுரையீரல் தமனியில் வடிந்துவிடுகிறது. மேட்டு வாய்க்காலுக்கு வந்த தண்ணீர் பள்ளத்து மடை திறந்திருப்பதால் வயலுக்குப் பாயாமல் ஓடையில் போய்ச் சேர்வதைப் போன்றது இது. பால் குடிப்பதுதான் அந்த வயதில் உடல் செய்யும் பெரிய உழைப்பு. உழைக்கும் தசைக்கு இரத்தம் இல்லாதபோது வருவது, பெரியவர்களுக்கு வரும் நெஞ்சுவலிதான். குழந்தையால் அதைச் சொல்ல முடியாது; அழ முடியும்.

இனி, முதல் எக்கோ இதை ஏன் காட்டவில்லை என்பதற்கு வருகிறேன். எக்கோ கருவி தன்னிச்சையாக எதையும் காட்டுவதில்லை; எங்கே வைத்து, எதைத் தேடி, எந்த அமைப்பில் பார்க்கிறோமோ அதற்கு மட்டுமே விடை தருகிறது. உங்கள் மகளின் இடது கரோனரியின் குறுக்களவு இரண்டு மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். இதயமோ நிமிடத்துக்கு நூற்றைம்பது முறை வரை துடித்துக்கொண்டிருக்கும். பெரியவர்களுக்கான, இரண்டு முதல் நான்கு மெகாஹெர்ட்ஸ் அலைகளில் இயங்கும் ப்ரோப்பை (எக்கோ கருவியில் உடலின் மேல் வைக்கும் முனையை) வைத்து இதைத் தெளிவாகக் காண்பது கடினம். குழந்தைகளுக்குரிய எட்டு மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கும் மேற்பட்ட ப்ரோப் வேண்டும். இரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் டாப்ளரிலும், வேகமான ஓட்டங்களுக்கு வைக்கும் அளவைக் குறைத்து, கரோனரியின் மெதுவான ஓட்டத்துக்கு ஏற்றாற்போல் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு பொறி உண்டு. பெருந்தமனிக்குப் பக்கத்தில் இதய உறையின் ஒரு மடிப்பு ஓடுகிறது. அது சில கோணங்களில், இடது கரோனரி பெருந்தமனியில் போய்ச் சேர்வதைப் போலவே தோற்றம் தரும். ஆகவே குழாய் எங்கே சேர்வதாகத் தெரிகிறது என்பதைக் காட்டிலும், அதற்குள் இரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதே முக்கியம். நிறம் பின்னோக்கி ஓடுவதைக் காட்டினால் ஐயத்துக்கு இடமில்லை. துணைச் சான்றுகளும் உண்டு: வலது கரோனரி அளவுக்கு மீறிப் பெருத்திருக்கும், இடது மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு கசியும், அந்த வால்வைத் தாங்கும் சிறு தசைகள் இரத்தமின்றித் தழும்பேறி வெண்மையாக மின்னும். எக்கோவுக்கு முன்பே ஈசிஜியும் ஒரு குறிப்புத் தந்துவிடும். இதயத்தின் இடப்பக்கத்தைப் பதிவு செய்யும் லீடுகளில் 'கியூ அலை' எனப்படும் கீழ்நோக்கிய பள்ளங்கள் ஆழமாகத் தெரிந்தால், அது மாரடைப்பு வந்த பெரியவரின் ஈசிஜியைப் போலவே இருக்கும். மூன்று மாதக் குழந்தைக்கு அப்படி ஒரு ஈசிஜி வந்தால், இல்லை என்று நிரூபிக்கும் வரை அது அல்காபா என்றே கொள்ள வேண்டும் என்பது என் ஆசிரியர்கள் எனக்குக் கற்பித்தது.

எக்கோவில் உறுதியாகாவிட்டால், இரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் சிடி ஆஞ்சியோகிராம் உறுதிப்படுத்திவிடும். அறுவை சிகிச்சையில் அந்தத் தமனியை அதன் வாயோடு சேர்த்து வெட்டி எடுத்துப் பெருந்தமனியில் பொருத்துவார்கள். காலத்தில் செய்துவிட்டால், பலவீனம் என்று எழுதப்பட்ட அதே தசை, மாதங்கள் செல்லச் செல்லப் பெரும்பாலும் தேறிவிடுகிறது. செய்யாமல் விட்டால் முதல் வயதைத் தாண்டுவதே அரிது. தசை பலவீனத்துக்கு என்று கொடுக்கும் மருந்துகள் இந்தக் காரணத்தைத் தொடுவதில்லை. ஆகவேதான் அந்த இரண்டாவது மருத்துவர் சொன்னதை உடனே கேளுங்கள் என்கிறேன். உங்கள் மகளுக்கு இருப்பது அல்காபாதான் என்று கடிதத்தை வைத்து நான் சொல்லவில்லை. அது இல்லை என்று இதுவரை யாரும் பார்த்துச் சொல்லவில்லை என்பதையே சொல்கிறேன்.

உதகையில் பிறந்த என் பேரனுக்கு இரண்டாம் நாள் விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தபோது ஆக்சிஜன் 93 என்று காட்டியது. இங்குள்ள நர்ஸ் அம்மா பரவாயில்லை என்றார். சென்னையில் இருக்கும் என் தங்கை மகன், 95க்குக் கீழே போனால் இதயக் கோளாறு என்று இணையத்தில் போட்டிருப்பதாகச் சொல்லிப் பயமுறுத்துகிறான். கையும் காலும் வேறு அவ்வப்போது நீலமாகத் தெரிகின்றன. யார் சொல்வது சரி?
ஒரு பாட்டி, உதகமண்டலம்

இருவர் சொல்வதும் அவரவர் ஊருக்குச் சரி. பிறந்து ஒரு நாள் கழித்து, வலது கையிலும் ஏதேனும் ஒரு காலிலும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வைத்துப் பார்ப்பது, பிறவி இதயக் குறைகளில் ஆபத்தானவற்றைக் கண்டுபிடிக்க உலகெங்கும் கையாளப்படும் எளிய வழி. சமவெளியில் வகுத்த கணக்கின்படி 95 அல்லது அதற்கு மேல் இருந்து, கைக்கும் காலுக்கும் வித்தியாசம் 3க்கு மேற்படாமல் இருந்தால் தேர்ச்சி. 90க்குக் கீழே என்றால் உடனே எக்கோ. இடைப்பட்டால் ஒரு மணி நேரம் விட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும்.

உதகையின் உயரம் சுமார் 2,240 மீட்டர். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் இங்கே காற்றின் அழுத்தம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு; ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. எனவே எந்தக் குறையும் இல்லாத குழந்தைக்கு 93, 94 காட்டுவது இந்த உயரத்தில் அரிதன்று. (மெக்சிகோ நகரமும் ஏறக்குறைய இதே உயரத்தில்தான் இருக்கிறது, அங்கே பிறக்கும் குழந்தைகளிடமும் இதையே காண்கிறார்கள்.) சமவெளிக் கணக்கை அப்படியே மலைக்கு ஏற்றினால் நல்ல குழந்தைகளையும் எக்கோவுக்கு அனுப்பிக்கொண்டிருப்போம். ஆனால் 'மலையில் இப்படித்தான் இருக்கும்' என்ற சொல்லுக்கும் ஓர் எல்லை வேண்டும். 90க்குக் கீழே போனால் மலை என்று சமாதானம் சொல்லக் கூடாது. கைக்கும் காலுக்கும் உள்ள வித்தியாசமும் உயரத்தினால் வருவதில்லை. இரண்டு இடத்திலும் பார்த்தார்களா என்று கேளுங்கள். விரலில் மாட்டினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரியவர்களின் கிளிப்பைப் பச்சிளம் குழந்தையின் விரலில் மாட்டினால் அது காட்டும் எண்ணுக்கு மதிப்பில்லை. உள்ளங்கையிலோ பாதத்திலோ சுற்றும் பட்டை வடிவ சென்சார் வேண்டும். கைகால் சில்லிட்டிருந்தாலும் எண் தவறும். போர்த்தி, சூடாக்கி, பிறகு பாருங்கள்.

கைகால் நீலத்தைப் பற்றி: குளிரில் உள்ளங்கையும் பாதமும் நீலமாவது தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால், கம்பளிக்குள் வைத்தால் மாறிவிடும். உதட்டின் உட்புறத்தையும் நாக்கையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நாக்கு நீலமாக இருந்தால் குளிரைக் காரணம் சொல்லிக் காத்திருக்காதீர்கள். இன்னொன்று: இந்தச் சோதனையில் தேறிவிட்டால் எந்தக் குறையும் இல்லை என்று பொருளல்ல. பெருந்தமனி ஓரிடத்தில் நெரிந்திருக்கும் குறை இதில் அடிக்கடி தப்பிவிடும். அதற்கு ஒரு பழைய முறை உண்டு, கருவியே தேவையில்லை. தொடை இடுக்கில் நாடி மெலிந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். தடுப்பூசிக்குப் போகும் அன்று டாக்டரிடம் கேட்டு அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நாங்கள் கூடலூர்ப் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். என் மனைவிக்கு ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தை நன்றாக இருக்கிறது என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள். பிறந்த பிறகு எடை ஏறவில்லை, ஓயாமல் மூச்சு வாங்கியது. சளி என்று மூன்று முறை மருந்து கொடுத்தார்கள். கடைசியில் நுரையீரலிலிருந்து வரும் இரத்தக் குழாய்கள் நான்கும் தவறான பக்கம் சேர்ந்திருப்பதாகக் கண்டுபிடித்து ஆபரேஷன் செய்தார்கள். இப்போது நலம். அந்த ஸ்கேனைப் பார்த்தவர்கள் கவனக்குறைவாக இருந்துவிட்டார்களா?
ஒரு தந்தை, கூடலூர்

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தக் குறையைப் பொறுத்தவரை அந்த ஸ்கேன் பார்த்தவரைக் குற்றம் சொல்ல நான் தயங்குவேன். கருவில் இருக்கும்போது குழந்தை நுரையீரலால் மூச்சுவிடுவதில்லை. ஆகவே நுரையீரலுக்குப் போய்த் திரும்பும் இரத்தம் மிகக் கொஞ்சம், அதைக் கொண்டுவரும் சிரைகளும் நூலிழை போன்றவை. அவை இடது மேல் அறையில் சேராமல் வேறெங்கோ சேர்ந்திருந்தாலும், அந்த இதயத்தின் நான்கு அறைகளும் கிட்டத்தட்ட இயல்பாகவே தெரியும். இடது மேல் அறைக்கும் அதன் பின்னால் இறங்கும் பெருந்தமனிக்கும் நடுவே வழக்கத்தைவிடச் சற்று அதிக இடைவெளி இருக்கிறதே என்று ஐயப்படும் கண் வேண்டும். நுட்பமான கரு எக்கோ செய்பவர்களுக்கே தப்பும் குறைகளில் இதுவும் ஒன்று. கருவில் திறந்தே இருக்க வேண்டிய வழிகள் இரண்டு உண்டு: மேல் அறைகளுக்கு நடுவே ஒன்று, பெருந்தமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவே ஒன்று. பிறந்த பிறகு அவை மூடுமா மூடாதா என்பதையும் எந்த ஸ்கேனும் முன்கூட்டிச் சொல்ல இயலாது.

பிறந்த பிறகு சளி என்று மூன்று முறை மருந்து கொடுத்ததைத்தான் நான் கேள்வி கேட்பேன். உங்கள் குழந்தைக்கு இருந்த வகையில், நான்கு சிரைகளும் ஒன்றாகச் சேர்ந்து மேலே ஏறி, வலப்பக்கம் இரத்தம் கொண்டுவரும் பெரிய சிரையில் கலந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் சில மாதங்களில் மார்பு எக்ஸ்ரேயில் இதயமும் அதன் மேலுள்ள குழாய்களும் சேர்ந்து ஓர் உருவம் தெரியும். மேலை நாட்டுப் பாடநூல்கள் அதைப் பனிமனிதன் என்கின்றன. உதகையில் உறைபனி விழுந்தாலும் பனிமனிதன் செய்யும் அளவுக்கு விழுவதில்லை. 8 என்ற எண்ணைப் போல் என்று சொன்னால் நமக்குப் போதும். ஆனால் அந்த 8 தெரியும் வரை காத்திருப்பதும் நல்லதல்ல. எடை ஏறாமை, ஓயாத வேகமூச்சு, திரும்பத் திரும்ப வரும் 'சளி' மூன்றும் சேர்ந்தால் எக்கோ எடுத்திருக்க வேண்டும். எக்கோவில், வலப்பக்க அறைகள் பெருத்து, மேல் அறைகளுக்கு நடுவிலுள்ள வழியில் இரத்தம் வலத்திலிருந்து இடமாக மட்டுமே போவதைக் கண்ட உடனே, சிரைகளைத் தேட வேண்டும் என்று எந்தக் குழந்தை இதய மருத்துவருக்கும் தோன்றும்.

இதே குறையின் மற்றொரு வகையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அது மிக அவசரமானது. சேர்ந்த சிரை மேலே ஏறாமல், உதரவிதானத்தைத் துளைத்துக் கீழே இறங்கிக் கல்லீரல் பக்கம் போய்ச் சேரும். வழியில் நெரிபட்டுக்கொண்டும் இருக்கும். அந்தக் குழந்தை பிறந்த சில மணி நேரத்திலேயே நீலம் பாரிக்கும்; எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுதும் வெளுத்து, இதயமோ சிறியதாகவே இருக்கும்; பார்ப்பவருக்கு அது நுரையீரல் நோய் என்றே தோன்றும். வென்டிலேட்டரில் எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தும் ஏறவில்லை என்றால், வயிற்றின் மேற்பகுதியில் ப்ரோப்பை வைத்து, இதயத்தை விட்டு விலகிக் கீழ்நோக்கி ஓடும் ஒரு சிரை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அது தெரிந்தால் அன்றே அறுவை அரங்கு.

எனக்கு வயது 38. வெளிநாட்டு வேலைக்காக மருத்துவச் சோதனைக்குப் போனபோது இதயம் வலப்பக்கம் இருப்பதாகச் சொன்னார்கள். எக்ஸ்ரே எடுத்தவர் முதலில் படத்தைத் திருப்பி மாட்டிவிட்டதாக நினைத்து இரண்டாம் முறையும் எடுத்தார். எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. எங்கள் ஹட்டிக் கிராமத்தில் ஒரு நாளும் இப்படிக் கேள்விப்பட்டதில்லை. மேற்கொண்டு ஸ்கேன் ஏதேனும் அவசியமா?
ஒரு வாசகர், கோத்தகிரி

ஓர் எக்கோவும் வயிற்று ஸ்கேனும் ஒருமுறை எடுத்துக்கொள்ளுங்கள். விடை முழுவதும் உங்கள் கல்லீரலும் இரைப்பையும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதில் அடங்கியிருக்கிறது. கல்லீரல் இடப்பக்கமும் இரைப்பை வலப்பக்கமும் இருந்தால், உடம்பின் உள்ளுறுப்புகள் அனைத்தும் கண்ணாடியில் கண்ட பிம்பம் போல மாறியிருக்கின்றன என்று பொருள்; அத்தகையோரில் பெரும்பாலோருக்கு இதயத்தில் வேறு குறை இருப்பதில்லை. வயிற்று உறுப்புகள் வழக்கமான இடத்தில் இருந்து இதயம் மட்டும் வலப்பக்கம் இருந்தாலோ, இடது வலது என்ற பிரிவே குழம்பியிருந்தாலோதான் உள்ளே சிக்கலான குறைகள் இருக்கும். 38 வயது வரை தொந்தரவின்றி எஸ்டேட் மேடுகளில் ஏறி இறங்கியவருக்கு முதல் வகையே இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

இந்த இடத்தில் என் துறையின் ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். அரிதான இதயங்களைப் பார்க்கும்போது 'இது இடது அறை' என்று இடத்தை வைத்து முடிவு செய்வதில்லை. அடையாளத்தை வைத்தே முடிவு செய்வோம். அகன்ற முக்கோணக் காது போன்ற பை உள்ளது எதுவோ அதுவே வலது மேல் அறை, குறுகிய விரல் போன்ற பை உள்ளது இடது. நுனியை நோக்கிச் சற்று இறங்கி ஒட்டியிருக்கும் வால்வு எந்தக் கீழ் அறையைச் சேர்ந்ததோ அதுவே வலது கீழ் அறை. கிளம்பிய கையோடு இரண்டாகப் பிரிவது நுரையீரல் தமனி, கரோனரிகளைக் கொடுத்துவிட்டு வளைந்து போவது பெருந்தமனி. மேல் அறை, கீழ் அறை, தமனி என்ற இந்த வரிசையில் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, எது எதனோடு சேர்ந்திருக்கிறது என்று எழுதும் முறையை அமெரிக்காவில் வான் பிராக் என்ற மருத்துவத் தம்பதியரும் இங்கிலாந்தில் ஆண்டர்சன் என்ற மருத்துவரும் வளர்த்தெடுத்தார்கள். வரிசையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: சிலருக்குக் கீழ் அறைகளும் இடம் மாறி, தமனிகளும் இடம் மாறிவிடும். இரண்டு தவறுகளும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் இரத்தம் போக வேண்டிய இடத்துக்கே போகும். நீலம் பாரிக்காது, மூச்சு வாங்காது. நாற்பது வயதில் நாடி மிக மெதுவாகிப் பேஸ்மேக்கர் வைக்க வரும்போதுதான், வாழ்நாள் முழுதும் உடலுக்கு இரத்தம் இறைத்தது வலது கீழ் அறை என்பது தெரியும். பத்து ஆண்டுகளாக எடுத்த எக்கோக்களில் அது இருந்திருக்கும். வால்வுகளின் மேல்கீழ் வரிசை மாறியிருப்பதை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

உங்களுக்கு ஒன்றே ஒன்று: இந்தச் செய்தியைச் சட்டைப்பையில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உறுப்புகள் மாறியிருந்தால் குடல்வால் வலி உங்களுக்கு இடப்பக்கம் வரும். ஈசிஜி எடுப்பவரும் ஒயர்களை மாற்றி மாட்டிவிட்டோமோ என்று குழம்புவார். அடிக்கடி சளியும் சைனஸ் தொல்லையும் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். உறுப்புகள் மாறியவர்களில் சிலருக்கு மூச்சுக்குழாயின் நுண்மயிர்களில் பிறவிக் குறை இருப்பதுண்டு.

நான் பள்ளி ஆசிரியை, வயது 41. பேருந்து நிறுத்தத்திலிருந்து பள்ளிக்கு ஏறும் மேட்டில் இரண்டு ஆண்டுகளாக இளைப்பு. எக்கோவில் இதயத்தின் வலப்பக்கம் பெருத்திருக்கிறது, ஆனால் ஓட்டை இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஓட்டை இல்லை என்றால் நிம்மதி அடையலாமா?
ஒரு ஆசிரியை, உதகமண்டலம்

அடைய வேண்டாம். வலப்பக்கம் காரணமில்லாமல் பெருப்பதில்லை. காரணம் தெரியவில்லை என்றால் தேடல் முடியவில்லை என்றுதான் பொருள். நான் பயிற்சியில் இருந்த நாட்களில் இதே போன்ற ஒரு பெண்மணிக்கு 'ஓட்டை இல்லை' என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்து அனுப்பினேன். ஒன்றரை ஆண்டுக்குப் பின் வேறோர் ஊரில் அவருக்கு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். நான் பார்த்த இடத்தில் ஓட்டை இல்லை என்பது உண்மைதான். அது இருந்த இடத்தை நான் பார்க்கவில்லை.

மேல் அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரின் மையத்தில் வரும் ஓட்டை மார்பின் மேல் வைக்கும் எக்கோவிலேயே தெரியும். தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் இரத்தம் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரை வந்து சேரும் மூலையில் வரும் ஓட்டை அப்படியல்ல. வளர்ந்தவர்களின் மார்பில் அந்த மூலை ப்ரோப்புக்கு எட்டுவதில்லை. இந்த வகையில் வலது நுரையீரலின் மேல் சிரையும் பெரும்பாலும் அங்கேயே தவறாகச் சேர்ந்திருக்கும். உணவுக்குழாய் வழியே ப்ரோப்பை இறக்கி எடுக்கும் எக்கோவோ, சிடியோ, எம்ஆர்ஐயோ அதைத் தெளிவாகக் காட்டும். எம்ஆர்ஐக்கு ஒரு கூடுதல் நன்மை உண்டு: நுரையீரலுக்குப் போகும் இரத்தம் உடலுக்குப் போவதைப் போல் எத்தனை மடங்கு என்று அளந்து சொல்லும், ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்து வலப்பக்கமும் பெருத்திருந்தால், நுரையீரல் அழுத்தம் அனுமதிக்கும் நிலையில் மூடிவிடுவதே முறை. சுவரின் நடுவிலுள்ள ஓட்டைக்குத் தொடை வழியே வைக்கும் குடை போன்ற சாதனம் பொதுவாக இதற்குப் பொருந்தாது. பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான்.

குழந்தைக்குச் சிடி எடுத்தால் கதிர்வீச்சால் புற்றுநோய் வருமா? எம்ஆர்ஐயே எடுத்துவிடக் கூடாதா?
ஒரு வாசகி, குந்தா

சிடியில் கதிர்வீச்சு உண்டு, ஆகவே தேவையின்றி எடுக்கக் கூடாது; தேவைப்படும் இடத்தில் அதற்கு அஞ்சித் தவிர்ப்பது பெரிய ஆபத்து. புதிய கருவிகளில் படம் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. கரோனரியும் நுரையீரல் சிரையும் மூச்சுக்குழாயைச் சுற்றி நெரிக்கும் தமனி வளையமும் சிடியில்தான் துல்லியம். எம்ஆர்ஐயில் கதிர்வீச்சு இல்லை, ஆனால் முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை அசையாமல் படுக்க வேண்டும். சிறு குழந்தைக்குப் பெரும்பாலும் மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டையும் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் போல ஒப்பிடாதீர்கள். எந்தக் கேள்விக்கு விடை வேண்டுமோ அதற்குரிய கருவியை டாக்டர் தேர்ந்தெடுப்பார்.

எக்கோவை முதலில் கண்டுபிடித்தவர் யார்?
பதினோராம் வகுப்பு மாணவர், குன்னூர்

சுவீடனில் லுண்ட் நகரத்து மருத்துவர் இங்கெ எட்லரும் இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸும். மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தில் விரிசல் தேடப் பயன்பட்ட ஒலியலைக் கருவியை ஹெர்ட்ஸ் தம் மார்பிலேயே வைத்துப் பார்த்தார். 1953 அக்டோபரில் இருவரும் இதயத்தின் அசைவை முதன்முதலாகப் பதிவு செய்தார்கள். இரும்பில் கீறல் தேடிய கருவிதான் இன்று இரண்டு மில்லிமீட்டர் தமனியைத் தேடுகிறது.

எங்கள் முதல் குழந்தைக்கு அரிதான இதயக் குறை இருந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது. நாங்கள் மாமன் மகள், அத்தை மகன். இப்போது மனைவி மூன்று மாதம். என்ன செய்ய வேண்டும், மலையிலேயே பிரசவம் பார்க்கலாமா?
ஒரு வாசகர், கோத்தகிரி

ஆயிரம் பிறப்புகளில் ஏறத்தாழ எட்டுக் குழந்தைகளுக்குப் பிறவி இதயக் குறை இருக்கிறது. முன்னொரு குழந்தைக்கு இருந்தால் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று. நெருங்கிய சொந்தத்தில் திருமணம் அதைச் சற்று உயர்த்தக்கூடும். இதை மறுபக்கத்திலிருந்து பார்த்தால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் நல்ல வாய்ப்பு. வழக்கமான ஐந்தாம் மாத ஸ்கேனோடு நிறுத்தாமல், 18 முதல் 22 வாரத்துக்குள் கரு எக்கோ தனியாகச் செய்துகொள்ளுங்கள். அந்தக் காலக்கெடுவுக்குக் காரணம் உண்டு. கடுமையான குறை தெரிந்தால் யோசிக்கவும் வேறொரு மருத்துவரைக் கேட்கவும் அவகாசம் வேண்டும். 2021இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி சில பிரிவினருக்கு 24 வாரம் வரையிலும், கருவின் கடுமையான குறைக்கு மருத்துவக் குழுவின் ஒப்புதலோடு அதற்குப் பிறகும் கருக்கலைப்புக்கு இடமுண்டு. முடிவு உங்களுடையது, ஆனால் முடிவெடுக்க நாள் இருக்க வேண்டும். ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி சொல்வதும் குற்றம், கேட்பதும் குற்றம்.

கரு எக்கோ இயல்பாக இருந்தால் மலையிலேயே பிரசவம் பார்க்கலாம். குறை தெரிந்து, அது பிறந்த உடனே சிரை வழியே சொட்டுச் சொட்டாக ஏற்றும் மருந்தும் சில நாட்களில் அறுவையும் தேவைப்படும் வகை என்றால், மழைக்காலத்தில் குன்னூர் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்த இரவில் பச்சிளம் குழந்தையை இறக்கலாம் என்று திட்டமிடாதீர்கள். 36ஆம் வாரத்திலேயே கீழே போய்ச் சொந்தக்காரர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்கிவிடுங்கள். குழந்தையை மலையிறக்குவதற்குத் தாயின் வயிற்றைக் காட்டிலும் பாதுகாப்பான ஆம்புலன்ஸ் கிடையாது. அறுவைச் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவினரிடம் சொன்னாலும் மாவட்ட மையம் வழியாக ஏற்பாடு செய்வார்கள்.

முதல் குழந்தையின் எக்கோவையும் சிடி ஸ்கேனையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தட்டச்சு செய்த அறிக்கையை மட்டும் கொண்டுவருபவர்களே அதிகம். அறிக்கையில் இருப்பது வேறொருவர் பார்த்து எழுதியது. அசையும் படங்களைக் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் ஒன்றுக்கு இரண்டு முறை கேளுங்கள்.